15 ஆண்டு முதலீட்டுக்கு 14 நாள் சார்ட் வழிகாட்டுமா?

மென்பொருள் துறையில் பணிபுரியும் 38 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

சிப் வடிவமைப்பு, கிளவுட், மென்பொருள் ஆகிய துறைகளைச் சேர்ந்த ஆறு நிறுவனங்களை அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுத்தார். வாங்கி 15 ஆண்டுகள் வைத்திருப்பது திட்டம். ஆனால் "நல்ல பங்கை நல்ல விலையில் வாங்க வேண்டும்" என்று நினைத்து, இணைய வழி வகுப்பு ஒன்றில் சேர்ந்து சார்ட் (விலை வரைபடம்) படிக்கக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து தனக்கென ஒரு விதியையும் வகுத்தார். விலை 200 நாள் நகரும் சராசரிக்கு (கடந்த 200 வர்த்தக நாட்களின் சராசரி விலைக்கு) மேலே இருக்க வேண்டும். அதே நேரத்தில் நாள் சார்ட்டில் ஆர்எஸ்ஐ (சமீபத்திய ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) 30க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முந்தைய சப்போர்ட் நிலையும் (முன்பு விலை விழுந்து நின்று திரும்பிய இடம்) அருகில் இருக்க வேண்டும். இவை மூன்றும் ஒரே நாளில் கூடிவரவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிறுவனத்தின் விலை இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. பொறுமை இழந்து, நகரும் சராசரி நிபந்தனையை மட்டும் தளர்த்தி, ஒரே ஒரு பங்கை வாங்கினார். அது அதன்பின் 45 சதவீதம் விழுந்தது. விழும் வழியில் இரண்டு முறை மேலும் வாங்கினார். மீதிச் சேமிப்பு வங்கி வைப்பில் கிடக்கிறது. மாதாந்திரக் கட்டணம் வாங்கிக்கொண்டு எதை எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று சொல்லும் சிக்னல் குழு ஒன்றில் இப்போது சேர்ந்திருக்கிறார்; குழுவை நடத்துபவர், கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் தரகரிடம் கடன் வாங்கித் தாமே வர்த்தகம் செய்து தருவதாகச் சொல்கிறார். "மாதம் ஒரு தொகையைக் குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு இந்தத் திரையை மூடுங்கள்" என்கிறார் அவருடைய மனைவி. (குறியீட்டு நிதி என்பது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் நிதி.) நீண்ட கால முதலீட்டுக்கு எந்த இண்டிகேட்டர் (ஆர்எஸ்ஐ போன்ற சார்ட் குறிகாட்டி) சரியானது, இறக்கத்துக்காகக் காத்திருக்கலாமா, விழுந்த பங்கை ஆவரேஜ் செய்யலாமா (மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது), ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆணை) வைக்கலாமா, குழுவை நம்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவியின் யோசனையில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதிக்குப் பிறகு வருகிறேன். சார்ட்டே பயனற்றது என்று சொல்லி உங்களை அனுப்பிவிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் அதனிடம் கேட்கும் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது என்பதையும், அது பதில் சொல்லக்கூடிய சில கேள்விகளை நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை என்பதையும் இந்தப் பதிலில் விளக்க முயல்கிறேன்.

உங்கள் விதி ஏன் நிறைவேறவே இல்லை

விலை 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது போக்கைப் பின்தொடர்பவர்கள் வைக்கும் நிபந்தனை. ஏறிக்கொண்டிருக்கும் பங்கு இன்னும் சில காலம் ஏறும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே வர வேண்டும் என்பதோ, அளவுக்கு மீறி விழுந்தது திரும்ப மேலே வரும் என்று எதிர்பார்ப்பவர்களின் நிபந்தனை. இரண்டுக்கும் தனித்தனியாக ஆதரவாளர்கள் உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே பங்கில் ஒரே நாளில் கேட்டால் கிடைப்பது அரிது. ஆர்எஸ்ஐ 30ஐத் தொடும் அளவுக்கு ஒரு பங்கு தொடர்ந்து அடிவாங்கினால், பெரும்பாலும் அது 200 நாள் சராசரியையும் உடைத்துக்கொண்டுதான் கீழே போயிருக்கும். வலுவாக ஏறும் பங்கில் ஆர்எஸ்ஐ 40, 50 வரை இறங்கி அங்கிருந்தே திரும்பிவிடுவது வழக்கம். எனவே நீங்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்ததற்குச் சந்தையைக் குறை சொல்வதற்கில்லை. விதியின் அமைப்பே அப்படி.

அதைவிட முக்கியமானது காலப் பொருத்தம். ஆர்எஸ்ஐ என்ற கணக்கை 1978ல் வெளியிட்ட வெல்ஸ் வைல்டர், பொறியியல் படித்தவர். பண்டகச் சந்தையில் குறுகிய கால வர்த்தகம் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியவர். உங்கள் திரையில் இருக்கும் இயல்பான அமைப்பு 14 நாள். அதாவது மூன்று வாரத்துக்கும் குறைவான வர்த்தக நாட்களில் ஏற்றமும் இறக்கமும் எந்த விகிதத்தில் இருந்தன என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அந்த நிறுவனத்தின் சிப்பை 2035ல் யார் வாங்குவார்கள் என்பது பற்றி அதற்குத் தெரிந்தது எதுவுமில்லை.

இங்கே சார்ட் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடந்த 3 முதல் 12 மாதங்களில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் மற்றவற்றைவிட நன்றாகச் செயல்பட்டிருப்பதை ஜெகதீஷ், டிட்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993ல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். 52 வார உச்சத்துக்கு அருகில் இருக்கும் பங்குகளைப் பற்றி 2004ல் வெளியான ஜார்ஜ், ஹ்வாங் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. விலையின் கடந்த கால ஓட்டத்தில் தகவலே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாமல் போனது இத்தகைய ஆய்வுகளால்தான். ஆனால் இவற்றை உங்கள் விதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சத்துக்கு அருகில் இருந்ததால் "விலை ஏறிவிட்டது" என்று ஒதுக்கிய பங்குகளே இந்த ஆய்வுகளின்படி சாதகமான பக்கத்தில் இருந்தவை. கடைசியில் நீங்கள் வாங்கியது பாதகமான பக்கத்தில் இருந்தது. அதோடு, இந்த விளைவு மாதக் கணக்கில் நிலைப்பது, ஆண்டுக் கணக்கில் தேய்ந்துவிடுவது. 15 ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் சிறியது.

10 சதவீதம் மலிவாக வாங்கினால் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் சார்ட் மிகச் சரியாக வேலை செய்து, ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் குறைந்த விலையில் வாங்கிக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஓராண்டில் விற்றுவிடுபவருக்கு அது 11 சதவீதம் கூடுதல் ஆதாயம், பெரிய விஷயம். 15 ஆண்டுகள் வைத்திருப்பவருக்கோ அதே ஆதாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 சதவீதப் புள்ளியாகக் கரைந்துவிடுகிறது. அதுவும் வேண்டாம் என்று தள்ளக்கூடிய தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை என்ன? ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் ஒரு பங்குக்காகப் பத்து மாதம் வெளியே காத்திருந்தாலே அந்த 10 சதவீதம் கைவிட்டுப் போய்விடுகிறது. நீங்கள் காத்திருந்தது மூன்று ஆண்டுகள்.

"இறக்கம் வரும்போது வாங்குவேன்" என்பதில் இன்னொரு கணக்குப் பிழையும் ஒளிந்திருக்கிறது. இறக்கம் நிச்சயம் வரும், அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த உயரத்திலிருந்து வரும் என்பதே கேள்வி. இன்று 100ல் இருக்கும் பங்கு 130க்குப் போய், அங்கிருந்து 15 சதவீதம் விழுந்தால் 110.50. நீங்கள் ஆசைப்பட்ட இறக்கம் வந்துவிட்டது, சார்ட்டில் அழகாகவும் தெரிகிறது. ஆனாலும் இன்றைய விலையைவிட அதிகம் கொடுத்துத்தான் வாங்குவீர்கள்.

நகரும் சராசரிகள் எவ்வளவு தாமதமாகப் பேசும் என்பதற்கு 2020ஐவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அந்த ஆண்டு பிப்ரவரி 19ல் தொட்ட உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் சுமார் 34 சதவீதம் விழுந்தது. 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைக் கீழ்நோக்கி வெட்டும் "டெத் கிராஸ்" மார்ச் 30ல் வந்தது, அதாவது அடிமட்டத்தைத் தொட்டு ஒரு வாரம் கழித்து. மீண்டும் மேல்நோக்கி வெட்டும் "கோல்டன் கிராஸ்" ஜூலை மாதம் வந்தபோது குறியீடு, விற்கச் சொன்ன நிலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் மேலே இருந்தது. 2000 முதல் 2002 வரை நீண்டது போன்ற மெதுவான வீழ்ச்சிகளில் இதே கருவி நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் உண்மை. வரப்போவது எந்த வகை வீழ்ச்சி என்பதை முன்கூட்டிச் சொல்லும் சார்ட்தான் இல்லை.

கையில் மொத்தமாக இருக்கும் பணத்தை ஒரே தடவையில் முதலீடு செய்வதா, 12 மாதங்களில் பிரித்துப் போடுவதா என்று வான்கார்டு நிறுவனம் 2012ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை, மொத்தமாகப் போட்டதே வென்றது. பிரித்துப் போடுவதே புத்திசாலித்தனம் என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது சராசரிக் கணக்கில் சரியில்லை. ஆனாலும், மொத்தமாகப் போட்ட மறுமாதமே 30 சதவீதம் விழுந்தால் விற்றுவிட்டு ஓடிவிடக்கூடிய மனநிலை ஒருவருக்கு இருந்தால், பிரித்துப் போடுவது அவருக்குச் சரிதான். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் நீங்கள் அப்படிப்பட்டவர் என்றே எனக்குப் படுகிறது.

விலை பார்க்க வேண்டிய இடம் வேறு

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் எந்த விலைக்கும் வாங்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. உங்கள் கவலை நியாயமானதுதான், அதற்கான பதிலை நீங்கள் தேடுகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இணைய வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 மார்ச்சில் அதன் பங்கு 80 டாலரைத் தொட்டது. 2002 அக்டோபருக்குள் 85 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நிறுவனம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. 2000 நிதியாண்டில் சுமார் 19 பில்லியன் டாலராக இருந்த அதன் ஆண்டு வருவாய், 2020ல் சுமார் 49 பில்லியன். அப்படியிருந்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் பங்கு அந்த உச்சத்தைத் திரும்பத் தொடவில்லை. மைக்ரோசாஃப்ட் இதைவிடச் சிறந்த நிறுவனம் என்பதில் சந்தேகமில்லை. 2000க்கும் 2015க்கும் இடையில் அதன் வருவாய் சுமார் 23 பில்லியனிலிருந்து 90 பில்லியனுக்கு மேல் உயர்ந்தது. அதன் பங்கு 1999 டிசம்பர் உச்சத்தைத் தாண்டியதோ 2016ல்தான், டிவிடெண்டை (நிறுவனம் தரும் லாபப் பங்கை) சேர்க்காமல் பார்த்தால். அந்த நாட்களில் இந்தப் பங்குகளின் சார்ட் அருமையாக இருந்தது. விலை எல்லா நகரும் சராசரிகளுக்கும் மேலே இருந்தது. எச்சரிக்கை வேறோர் இடத்தில் இருந்தது. சிஸ்கோவின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல 100 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்த மடங்கை நியாயப்படுத்த லாபம் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த வேகத்தில் வளர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தவருக்கு, இது நடக்கக்கூடியதா என்ற சந்தேகமாவது வந்திருக்கும்.

ஆகவே உங்கள் ஆறு நிறுவனங்களுக்கும் அதே தாளை எழுதுங்கள். இன்றைய விலை லாபத்தின் எத்தனை மடங்கு? அந்த லாபம் ரொக்கமாக வருகிறதா, கணக்கில் மட்டும் தெரிகிறதா? ஊழியர்களுக்குப் பங்குகளை அள்ளிக் கொடுத்து மொத்தப் பங்கு எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போகிறார்களா? வருவாயில் பெரும்பகுதி ஓரிரு வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறதா? சிப் நிறுவனமாக இருந்தால், இன்றைய லாபம் தேவை உச்சத்தில் இருக்கும் ஆண்டின் லாபமா என்பதையும் கேட்க வேண்டும். ஏனெனில் சிப் தொழிலில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது விலை மடங்கு குறைவாகத் தெரிந்து, மலிவாகக் கிடைப்பது போன்ற மயக்கத்தைத் தரும்.

சார்ட்டை இனி எப்படிப் பார்ப்பது

அந்தத் திரையை முழுவதும் மூடிவிட வேண்டாம். அமைப்பை மட்டும் மாற்றுங்கள். நாள் சார்ட்டை விட்டுவிட்டு, 15 அல்லது 20 ஆண்டுகளின் வாரச் சார்ட்டைத் திறந்து, விலை அளவுகோலை லாக் அளவுக்கு மாற்றுங்கள். சாதாரண அளவுகோலில் 10லிருந்து 20க்கு ஏறியதும் 200லிருந்து 210க்கு ஏறியதும் ஒரே உயரமாகத் தெரியும்; லாக் அளவில்தான் சம சதவீத மாற்றங்கள் சம உயரமாகத் தெரியும். நீண்ட காலம் வளர்ந்த பங்கின் பழைய வீழ்ச்சிகள் சாதாரண அளவுகோலில் தரையோடு தரையாக மறைந்துவிடுவதால்தான், "இந்தப் பங்கு எப்போதும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது" என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. பங்குப் பிரிப்புக்கு ஏற்ப விலை திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2020ல் ஒன்றை நான்காகவும், அமேசான் 2022ல் ஒன்றை இருபதாகவும், என்விடியா 2024ல் ஒன்றைப் பத்தாகவும் பிரித்தன. திருத்தாத சார்ட்டில் அவை பெரும் சரிவுகளாகவே தெரியும்.

அப்படித் திறந்தால் சார்ட் உங்களுக்கு ஒரு நேர்மையான தகவலைத் தரும்: இந்தப் பங்கை வைத்திருந்தவர் என்னவெல்லாம் தாங்க வேண்டியிருந்தது என்பது. என்விடியா 2021 நவம்பரிலிருந்து 2022 அக்டோபருக்குள் தன் மதிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. 2018ன் கடைசி மாதங்களில் பாதிக்கும் மேல் இழந்தது. அமேசான் 1999 டிசம்பருக்கும் 2001 இலையுதிர் காலத்துக்கும் இடையில் 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. இவை வென்ற நிறுவனங்களின் கதை என்பதைக் கவனியுங்கள். எனவே சார்ட்டிடம் "எப்போது வாங்க?" என்று கேட்பதை விட்டு, "எவ்வளவு வாங்க?" என்று கேளுங்கள். 70 சதவீதம் விழுந்தாலும் உங்கள் வீட்டுத் திட்டங்கள் எதுவும் கெடாத அளவே ஒரு பங்குக்கான உச்ச அளவு. சார்ட்டிலிருந்து நீண்ட கால முதலீட்டாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய மிக மதிப்புள்ள எண் இதுதான் என்பது என் கருத்து. இதை எந்தச் சிக்னல் குழுவும் சொல்லித் தருவதாக நான் பார்த்ததில்லை.

விழுந்துகிடக்கும் அந்தப் பங்கு

வாங்கிய விலையைத் தற்காலிகமாக மறந்துவிடுங்கள். 45 சதவீதம் விழுந்த பங்கு பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ 82 சதவீதம் ஏற வேண்டும் என்பதும், ஆவரேஜ் செய்தால் அந்தத் தூரம் தாளில் குறையும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நிறுவனத்துக்கோ உங்கள் சராசரி விலை எதுவென்று தெரியாது. மேலும் வாங்குவது என்பது, அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் எல்லா இடங்களிலும் இதுவே சிறந்தது என்று இன்று புதிதாக எடுக்கும் முடிவு. பழைய முடிவைச் சரிக்கட்டும் வேலையாக அதைச் செய்யக் கூடாது.

விழுந்த தொழில்நுட்பப் பங்குகளில் இரண்டு வகையும் உண்டு, இரண்டும் சார்ட்டில் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். மெட்டா 2022 பிப்ரவரி 3ல் ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. 2021 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2022 நவம்பருக்குள் மொத்தம் 75 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. 2023ல் ஏறத்தாழ மூன்று மடங்காகியது. அப்போது அதன் விளம்பர வருவாய் தேங்கியிருந்ததே தவிர, கோடிக்கணக்கான பயனர்களும் ரொக்க வரவும் இருக்கத்தான் செய்தன. செலவைக் குறைக்க நிர்வாகம் முடிவெடுத்ததும் லாபம் திரும்பியது. பிளாக்பெர்ரி கைப்பேசிகளைத் தயாரித்த நிறுவனமோ 2008ல் உச்சத்தைத் தொட்டு விழுந்தது, 2009ல் இரட்டிப்புக்கும் மேலாக மீண்டு நம்பிக்கை தந்தது, பிறகு 2012க்குள் உச்ச விலையில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. அந்தப் பழைய உயரத்துக்கு அது பிறகு வரவேயில்லை. தொடுதிரைக் கைப்பேசிகள் அதன் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோய்விட்டன. அந்த வேறுபாடு விற்பனை எண்ணிக்கையில் தெரிந்தது. 2009ன் மீட்சியை மட்டும் சார்ட்டில் பார்த்தவருக்கு அது புதிய ஏற்றத்தின் தொடக்கமாகவே தோன்றியிருக்கும்.

எனவே உங்கள் பங்கின் கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுத்து, நீங்கள் முதலில் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தை ஓரிரு வாக்கியங்களில் உங்களால் எழுத முடியவில்லை என்றால், அதுவே விற்கப் போதுமான விடை. எழுத முடிகிறது, அறிக்கைகளும் ஆதரிக்கின்றன என்றால் வைத்திருங்கள். ஆனால் கீழே சொல்லும் வரம்பைத் தாண்டி ஒரு பங்குகூடச் சேர்க்க வேண்டாம்.

ஸ்டாப் லாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 15 ஆண்டு முதலீட்டில் 15 சதவீத ஸ்டாப் லாஸ் வைத்தால், மேலே சொன்ன வென்ற பங்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் பலமுறை வெளியேற்றப்பட்டிருப்பீர்கள். தவிர, தொழில்நுட்பப் பங்குகளின் பெரிய வீழ்ச்சிகள் பல, காலாண்டு முடிவு வெளியான மறுநாள் காலை ஒரே தாவலில் நிகழ்கின்றன. 320ல் நேற்று முடிந்த பங்கு இன்று 245ல் தொடங்கினால், 300ல் நீங்கள் வைத்த ஸ்டாப் லாஸ் 245ல்தான் நிறைவேறும்.

என் பரிந்துரை

உங்கள் சம்பளம் தொழில்நுட்பத் துறையிலிருந்து வருகிறது என்பதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்; எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. துறை சரியும் ஆண்டில் உங்கள் பங்குகளும் வேலையும் சேர்ந்தே ஆபத்துக்குள்ளாகலாம். ஆகவே குறைந்தது ஓராண்டுச் செலவுக்கான தொகையை வங்கி வைப்பிலேயே விட்டுவிடுங்கள். மீதியில் பெரும்பகுதி, உங்கள் மனைவி சொல்வதுபோல, பரந்த குறியீட்டு நிதிக்குப் போகட்டும். அமெரிக்கப் பங்குகளில் 1926 முதல் 2016 வரையிலான வரலாற்றை ஆராய்ந்த பேராசிரியர் பெசம்பைண்டர், சந்தை உருவாக்கிய நிகர செல்வம் முழுவதும் ஏறத்தாழ 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்ததாகவும், பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் தங்கள் வாழ்நாளில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களைக்கூட மிஞ்சவில்லை என்றும் காட்டினார். உங்கள் ஆறில் அந்த 4 சதவீதத்தைச் சேர்ந்தது எது என்று தெரியாதபோது, குறியீட்டு நிதி அவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுகிறது.

மனைவியின் யோசனையில் நான் ஏற்காத மறுபாதி, தனிப் பங்குகளே வேண்டாம் என்பது. நீங்கள் ஆர்வத்தோடு அறிக்கை படிக்கக்கூடியவர். மொத்த முதலீட்டில் நான்கில் ஒரு பங்கு வரை இந்த ஆறுக்கும் ஒதுக்கலாம். ஒரே நிறுவனத்துக்கு, வாங்கும்போது 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒதுக்கீட்டை ஆறு சம பாகங்களாகப் பிரித்து மாதம் ஒரு பாகம் வாங்குங்கள். அந்த மாதத்துக்குள் எந்த நாள் வாங்குவது என்பதைச் சார்ட் முடிவு செய்யட்டும். பிடித்தமான இறக்கம் வந்தால் அன்று வாங்குங்கள், வராவிட்டால் மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் கேள்வி கேட்காமல் வாங்கிவிடுங்கள். உங்கள் பழைய விதியில் இல்லாமல் போனது இந்தக் கெடுதான். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: நீங்கள் எழுதிய மதிப்பீட்டுத் தாளின்படி ஒரு நிறுவனத்தின் விலை எந்த நியாயமான வளர்ச்சிக்கும் பொருந்தவில்லை என்றால், அதற்கு ஒதுக்கிய பணம் குறியீட்டு நிதிக்குப் போகட்டும், மீண்டும் வைப்புக்குத் திரும்ப வேண்டாம்.

ஓராண்டு கழித்து உங்கள் சார்ட் தேர்ந்தெடுத்த நாட்களின் விலையையும், ஒவ்வொரு மாதத்தின் முதல் வர்த்தக நாளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அது உங்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும். பழைய தரவுகளில் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால், இன்று பெரிதாக நிற்கும் நிறுவனங்களை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். விழுந்து மறைந்தவை அந்தப் பட்டியலில் இல்லாததால், இறக்கத்தில் வாங்கும் எந்த விதியும் அதில் வென்றதாகத்தான் காட்டும்.

சிக்னல் குழுவும் கடனும்

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே மாற்றிவிட்டு, உங்களுக்குத் தெரியாத ஆர்டர்கள் போயிருக்கின்றனவா என்று தரகரின் அறிக்கையில் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பங்கு ஆலோசனை தருபவர் பெரும்பாலான நாடுகளில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பெயர் இல்லையென்றால், கட்டணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்துபூர்வமாகக் கேளுங்கள், செலுத்திய ரசீதுகளையும் அவருடைய செய்திகளையும் பாதுகாத்து வையுங்கள், ஆணையத்தில் புகார் கொடுங்கள். பெயர் இருந்தாலும், அவர் பரிந்துரைக்கும் பங்குகளைத் தாமே முன்கூட்டி வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குறிப்பிட்ட வருமானத்துக்கு உறுதி தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பங்குகளில் அப்படி உறுதி தர யாராலும் முடியாது, பதிவு பெற்றவர் அப்படிச் சொல்வதைப் பல நாடுகளின் விதிகள் தடை செய்கின்றன.

தரகர் தரும் கடனில் நீண்ட காலப் பங்கை வாங்கும் யோசனையை முழுவதுமாகக் கைவிடுங்கள். அதில் விற்கும் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விலை விழுந்து உங்கள் பங்களிப்பு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால், கூடுதல் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் தரகரே விற்றுவிடுவார், பல ஒப்பந்தங்களின்படி முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை. மெட்டாவை 2021 உச்சத்துக்கு அருகில் சொந்தப் பணத்தில் வாங்கிப் பொறுத்திருந்தவருக்கு 2023ன் மீட்சி கிடைத்தது. பாதி கடனில் வாங்கியவரின் சொந்தப் பணம், விலை 50 சதவீதம் விழுந்தபோதே தீர்ந்துபோயிருக்கும். தரகர் அதற்கும் முன்பே விற்றிருப்பார்.